ஒரு கோட்டுக்கு ஒரு பெயர்

உம்முவின் பிள்ளையை அடக்கிவிட்டு ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். மருத்துவிச்சி நதீரா ஆஸ்பத்திரி வளவில் மழைக்குள் நின்றபடி, பாதியில் நின்றுபோன புதுக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பல்லைக் கடித்துக் கடித்து அவளுக்குத் தாடை வலித்தது.

கல்முனைக்குத் தெற்கே கடலோரமாகக் கிடக்கிற ஊர் அது. போன வருஷத்துக் கார்த்திகைச் சூறாவளி தென்னைகளை முறித்துப் போட்ட கையோடு, பிள்ளைப்பேற்று வார்ட்டின் கூரையையும் தூக்கிக்கொண்டு போயிற்று. அன்றிலிருந்து பழைய சுவர்களுக்கு மேலே தார்ப்பாய் கட்டி, அதற்குக் கீழேதான் ஊரின் பிள்ளைகள் பிறந்தன. வெயில் காலத்தில் உள்ளே அடுப்பு, மாரியில் வாய்க்கால். உம்முவுக்கு மாதம் முற்றாமலே வலி எடுத்துவிட்டது. ஒரு கைக்குள் அடங்குகிற பிள்ளை. அதற்கு வேண்டியிருந்ததெல்லாம் காய்ந்த துணியும் சூடும்தான். பட்டப்பகலில் வாடைக்காற்று தார்ப்பாயின் ஒரு முனையைப் பிய்த்தது. மேலே தேங்கிக் கிடந்த தண்ணீர் முழுவதும் கட்டிலில் கொட்டியது. நதீரா பிள்ளையைத் தன் நெஞ்சோடு பொத்திக்கொண்டு மருந்து கட்டுகிற அறைக்கு ஓடினாள். பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அதற்கு உயிர் இருந்தது.

இனி, அந்த வார்ட்டுக்காகத் தொடங்கிய புதுக் கட்டடம். பந்தல் போட்டு, மாலை போட்டு, அடிக்கல் வைத்தார்கள். கல்லில் பெயர்கள் பொறித்திருந்தன. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தலைகீழ். கதவு நிலைகள் சுவர் எழும்பமுன்னமே வந்திறங்கி, மழையில் கிடந்து கறையானுக்கு இரையாயின. சீமெந்து வந்தபோது மணல் இல்லை. மணல் வந்தபோது மேசன்மார் வெள்ளாமை வெட்டுக்குப் போயிருந்தார்கள். மேசன்மார் திரும்பி வந்து பார்த்தால் சீமெந்து மூட்டையோடு கல்லாகிக் கிடந்தது. ஓடுகள் வேலியோரம் அழகாக அடுக்கியிருந்தன. அவற்றைத் தாங்க ஒரு கைமரமும் இல்லை. மற்றதெல்லாம் வந்திருந்தது. ஒன்றும் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை.

நதீரா அங்கிருந்து நேரே கச்சிமுகம்மது ஹாஜியாரின் அரிசி ஆலைக்குப் போனாள். ஹாஜியார்தான் கட்டடக் குழுவுக்குத் தலைவர். ஆலையின் முன்னறையில் குழு கூடியிருந்தது. கட்டட வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரர் அப்துல் ஹமீட், அவர் ஹாஜியாரின் மச்சான், தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். வேலையைப் பார்க்க அரசாங்கம் அனுப்பிய ஓவசியர் பூபாலசிங்கம், காரைதீவுக்காரர், மூலையில் கதிரையின் நுனியில் இருந்தார். நதீராவின் முக்காட்டிலிருந்து தண்ணீர் சீமெந்துத் தரையில் சொட்டியது.

"வாங்க மிஸ்ஸி," என்றார் ஹாஜியார். "கேள்விப்பட்டம். என்ன செய்யிற, அல்லாஹ்ட நாட்டம்."

"அல்லாஹ்ட தலையில போடாதீங்க ஹாஜியார். தார்ப்பாயக் கட்டிப்போட்டு ஒரு வருஷமா பாத்துக்கிட்டு இரிந்தது அல்லாஹ் இல்ல."

தேத்தண்ணி ஊதுகிற சத்தம் நின்றது.

"ஒண்டே ஒண்டு கேக்கன். கைமரம் ஏன் வரல்ல?"

"அது ஹமீட்ட வேல," என்றார் ஒருவர்.

"ஓவசியர் அளவு தந்தால்லவா நான் மரம் அறுக்கிற?" என்றார் ஹமீட்.

பூபாலசிங்கம் தரையைப் பார்த்தபடி, "சுவர் முடியாம நான் எப்பிடி அளவு குடுக்கிற," என்றார்.

"சுவர் ஏன் முடியல்ல?"

"மேசன்மார் இல்லயே."

"மேசன்மாரக் கூப்பிடுறது ஆர்ர பொறுப்பு?"

ஹாஜியார் கையை விரித்தார். "என்ன மிஸ்ஸி, ஊருக் காரியம். நாம எல்லாருந்தான் பொறுப்பு."

"எல்லாரும் எண்டா ஒருத்தருமில்ல!" நதீராவின் குரல் ஆலையின் தகரத்தில் பட்டுத் திரும்பியது. "ஒரு வீட்ட புள்ளப்பேறு நடக்கக்குள்ள, எல்லாரும் பொறுப்பெண்டு நான் தெருவில நிண்டா தாயும் மௌத்து, புள்ளயும் மௌத்து. நான்தான் பொறுப்பு. என்ட கையத்தான் எல்லாரும் பாப்பாங்க. இஞ்ச ஆர்ர கையப் பாக்கிற? செல்லுங்க!"

ஹாஜியார் சிரித்தார். கோபக்காரர்களை வழிக்குக் கொண்டுவந்து பழகியவரின் சிரிப்பு அது. "கோவம் ஷைத்தான்ட வேல தங்கச்சி. இவ்வளவு துடிக்கிற நீங்களே குழுவுக்குச் செயலாளரா இரிங்களன்."

நாலு பேர் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். பெண்பிள்ளை எங்கே ஆண்களின் குழுவில் வந்து இருக்கப் போகிறாள்?

"சரி," என்றாள் நதீரா. "இரிக்கன்."

சிரிப்பு பாதியில் நின்றது. சொன்ன வார்த்தையை எல்லோர் முன்னாலும் திருப்பி எடுக்க ஹாஜியாரால் முடியவில்லை.

மறுநாள் காலையில் அவள் பூபாலசிங்கத்தைத் தேடி அவருடைய கந்தோருக்குப் போனாள். சண்டை பிடிக்கத்தான் போனாள். அவர் அவளை இருக்கச் சொல்லிவிட்டு, வெகுநேரம் யோசித்து, அலுமாரியைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த பெரிய கடதாசி ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். மேலே மாதங்கள். இடப்பக்கத்தில் வேலைகள்: அத்திவாரம், சுவர், நிலை, கூரை மரம், ஓடு, பூச்சு, குழாய். ஒவ்வொரு வேலைக்கும் நேரே ஒரு பட்டையான கோடு. எந்த மாதத்தில் தொடங்கி எதில் முடிய வேண்டும் என்று கோட்டின் நீளம் சொன்னது. சில கோடுகளிலிருந்து அம்புக்குறி இறங்கி அடுத்த கோட்டைத் தொட்டது.

"மலைநாட்டில ஒரு அணைக்கட்டு வேலையில இருந்தனான் மிஸ்ஸி. அங்க படிச்சது," என்றார். "இது முடியாம அது தொடங்க ஏலாது எண்டுறதுக்குத்தான் அம்பு. இந்தா, சுவர், அதுக்குப் பிறகு கூரை மரம், ஓடு, பூச்சு. இது ஒரு சங்கிலி. இதில ஒரு கிழமை பிந்தினா முழுக் கட்டடமும் ஒரு கிழமை பிந்தும். மதில் கட்டுறது அப்பிடி இல்ல. அது முன்னப் பின்னப் போகலாம். அப்ப, நாம மதிலுக்கு நிக்கிற ஆள எடுத்துச் சுவருக்கு விடவேணும். இஞ்ச எல்லாம் தலைகீழா நடக்குது."

அவர் விரல் வைத்த இடத்தில் இரண்டு நிரல்கள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. "இது வெள்ளாமை வெட்டு. இது உங்கட நோன்பு மாதம். வேலைக்கு ஆள் வராது. வராத ஆள வரும் எண்டு எழுதினா அது திட்டமில்ல, பொய்."

நதீராவுக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை. வலி வந்த பிறகு தண்ணீர் கொதிக்க வைக்கிறவள் மருத்துவிச்சி இல்லை. எது முதல், எது பின், எது கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய பிழைப்பே. அந்தக் கடதாசியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வேறொன்று வந்தது.

"இத எப்ப கீறின நீங்க?"

"அடிக்கல் வெச்ச கிழமை."

"ஆருக்குக் காட்டின?"

பூபாலசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தருக்கும் இல்ல. இதக் காட்டினா ஆரால சுணங்குது எண்டு வெளிச்சமாத் தெரிஞ்சிரும். ஹாஜியார்ர மச்சான்ட பேர்தான் கூட வரும். எனக்கு வேற ஊருக்கு மாற்றம் வரும் மிஸ்ஸி. மூணு பொம்புளப் புள்ளையள் பள்ளிக்குடம் போகுதுகள்."

"உங்கட கடதாசி ஈரம் படாம அலுமாரிக்குள்ள இரிந்திரிக்கு," என்றாள் நதீரா. "உம்முட புள்ள மண்ணுக்குள்ள இரிக்கு."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கடதாசியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழும்பினாள். வாசலில் திரும்பி, "கீறின நீங்கதான் வந்து விளங்கப்படுத்தவும் வேணும். சனிக்கிழமை," என்றாள்.

நதீராவின் புருஷன் மீராசாவுக்குச் சந்தியில் தேத்தண்ணிக்கடை. கடையின் பக்கச் சுவர் பெருந்தெருவைப் பார்த்து நீளமாகக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். நதீரா அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்து, பூபாலசிங்கத்தைக் கொண்டு மாதங்களைத் திருத்தி, கடதாசியில் கிடந்ததை நீலத்தால் பெரிதாகக் கீறச் செய்தாள். ஒன்று மட்டும் அவள் கூட்டினாள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு பெயர். ஒரேயொரு பெயர். "குழு" என்றோ "ஊரார்" என்றோ எழுத விடவில்லை.

"ரெண்டு பேரா எழுதினா என்ன புள்ள?" என்று மீராசா பயந்து பயந்து கேட்டான். "கொஞ்சம் சூடு குறையும்."

"ரெண்டு பேர எழுதினா ஒருத்தன் மத்தவனக் காட்டுவான். ஒரு கோட்டுக்கு ஒரு பேர்."

வேலை முடிய முடிய அந்த அளவுக்குக் கோட்டைக் காவியால் நிரப்ப வேண்டும் என்று ஏற்பாடு. முதல் சனிக்கிழமை, தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உம்முவின் கையில் நதீரா தூரிகையைக் கொடுத்தாள். அவளுடைய வீடு கடைக்குப் பின்னால்தான். பிள்ளை போனதிலிருந்து யாரோடும் கதைக்காமல் இருந்தவள். அத்திவாரத்துக்குரிய கோட்டை அவள் விளிம்பு பிசகாமல், மெதுவாக, காவியால் நிரப்பினாள். அதற்குப் பிறகு அந்த வேலையை வேறு எவரிடமும் விட அவள் சம்மதிக்கவில்லை.

சனிக்கிழமைக் கூட்டமும் அந்தச் சுவருக்கு முன்னால்தான். கதிரை இல்லை, தேத்தண்ணி இல்லை, எல்லோரும் நின்றபடி. நதீரா ஒவ்வொருவரிடமும் கேட்பது ஒன்றே: போன கிழமை எது முடிந்தது, இப்போது எது தடுக்கிறது, அந்தத் தடையை எடுக்கிறது யார். நிற்கிற மனிசனுக்குப் பிரசங்கம் வராது. ஆலையின் முன்னறையில் ஒரு பின்னேரத்தைத் தின்ற கூட்டம், இங்கே ஒரு வாய் வெற்றிலை சப்பி முடியுமுன் முடிந்தது.

கட்டடம் அசையத் தொடங்கியது. மணலுக்குப் பெயர் எழுதப்பட்டவர் மணல் கொண்டுவந்தார், ஏனென்றால் சந்தைக்குப் போகிற பெண்கள்கூட அண்ணன்முறை வைத்து, "என்ன காக்கா, உங்கட கோடு இன்னும் வெள்ளையாக் கிடக்கே," என்று கேட்டார்கள். சீமெந்து, மேசன்மார் வந்து நின்ற பிறகுதான் இறங்கியது. அறுவடைக்கு ஆட்கள் போன மாதத்தில், வயலுக்குப் போகாத தச்சன்மார் உள்ளே இருந்து நிலைகள் செய்தார்கள். சுவர்கள் கூரை மட்டத்துக்கு வந்தன.

ஆனால் எல்லாம் தேனாக ஓடவில்லை. தண்ணீர்க் குழாய் புதைக்கிற கானுக்கு மேலிடத்து அனுமதி எடுக்கிற வேலைக்கு நதீராவின் பெயர் கிடந்தது. மாவடிப்பள்ளி, சம்மாந்துறை என்று பிள்ளைப்பேறுகளுக்கு ஓடிய ஓட்டத்தில் அவள் அதை மறந்தே போனாள். சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் அந்தக் கோடு வெள்ளையாய் நின்றது. ஹமீட் அதற்காகத்தான் காத்திருந்தவர். "என்ன செயலாளர், சட்டம் எங்களுக்கு மட்டுந்தானா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நதீராவுக்குக் காது வரைக்கும் சூடேறியது. நியாயம் சொல்ல வாய் வந்தது; சொல்லவில்லை. "பிழை என்டதான். திங்கக்கிழமை போறன்," என்றாள். வீட்டுக்குப் போய் ஒரு சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். திங்கட்கிழமை போனாள்.

ஹமீட்டின் கைமரங்கள் மட்டும் வந்தபாடில்லை. காரணத்தைச் சுவர்தான் வெளியே கொண்டுவந்தது. அட்டாளைச்சேனைக்கு லொறி ஓட்டுகிற ஒருவன் தேத்தண்ணி குடிக்க இறங்கினவன், சுவரைப் படித்துவிட்டு, "இந்த மரமா? இத நான் போன கிழமை அட்டாளைச்சேனையில இறக்கினேனே, ஹமீட் முதலாளிட மத்தக் கட்டடத்துக்கு," என்று உரக்கச் சொல்லிவிட்டான். ஊர் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. ஜும்மா முடிந்து வருகிறவர்கள் ஹமீட்டைக் கண்டால் மரத்தைப் பற்றி விசாரித்தார்கள். சின்னப் பிள்ளைகள்கூட, "கைமரம், கைமரம்," என்றார்கள்.

ஒரு விடியற்காலை மீராசா கடை திறக்க வந்தபோது சுவர் முழுக்கத் தார் வழிந்துகொண்டிருந்தது. மாதங்கள், கோடுகள், பெயர்கள், உம்மு பூசிய காவி, எல்லாம் கறுப்பு. மீராசா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டான். "போதும் புள்ள. கடைக்கும் ஆள் வருகுதில்ல. ஹாஜியார்ர ஆக்கள் எல்லாம் மற்றக் கடையிலதான் குடிக்காங்க. நமக்கென்ன வந்த?"

"நமக்கென்ன வந்ததா?" நதீரா சந்தி முழுவதும் கேட்கக் கத்தினாள். "தார் பூசினா மரம் வந்திருமா? தார் பூசினா கூரை முளைச்சிருமா? என்ட கோட்டயும் நான் வெள்ளையா விட்டுத்தானே நிண்ட! பூசினவனுக்கு மானம் இரிந்தா மரத்தக் கொண்டு வரட்டும்!"

உம்மு வீட்டுக்குள் போய்க் கத்தி ஒன்றை எடுத்து வந்து, தாரைச் சுரண்டத் தொடங்கினாள். பார்த்து நிற்க மனமில்லாமல் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். பிறகு மீன்காரன் ஒருவன் கூடையை இறக்கி வைத்தான். மத்தியானம், ளுஹர் தொழுகைக்கு முன்பு பூபாலசிங்கம் புதுக் கடதாசியோடு வந்து சேர்ந்தார். இம்முறை எழுத்துகள் முன்னையதைவிடப் பெரிதாக இருந்தன. அடுத்த கிழமை கைமரங்கள் வந்தன. அவற்றை இறக்கும்போது ஹமீட் லொறியிலிருந்து கீழே இறங்கவில்லை.

பிள்ளைப்பேற்று அறைக்கு மட்டும் ஓடு இல்லை. மேலே தண்ணீர்த் தாங்கி வைக்க வேண்டியிருந்ததால் கொங்கிறீட் தட்டு. நோன்புக்கு முன்னால் தட்டைப் போட்டுவிட வேண்டும், நோன்பு மாதம் முழுவதும் அது முட்டுக்கால்களின் மேல் கிடந்து இறுகட்டும், ஆள் வராத மாதம் வீணாகாது என்று பூபாலசிங்கம் திட்டம் போட்டிருந்தார். அப்படியே தட்டு போடப்பட்டது. கீழே முட்டுக்கால்கள் கமுகந்தோட்டம் மாதிரி நின்றன.

அந்த நேரம் பார்த்து ஹாஜியாருக்குக் கொழும்பிலிருந்து சேதி வந்தது. அரசாங்கப் பெரியவர் ஒருவர் இந்தப் பக்கம் வருகிறார். நோன்புக்கு முன்பே வருகிறார். வருகிற வழியில் கட்டடத்தைத் திறந்து வைப்பார். ஹாஜியார் சுவரைப் பார்க்கவில்லை, நதீராவையும் கேட்கவில்லை. பூபாலசிங்கத்தை ஆலைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என்ன கதைத்தார் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் ஓவசியருக்குச் சுகமில்லை, லீவு என்று சேதி.

நதீரா மாவடிப்பள்ளியில் ஒரு பிள்ளைப்பேறு முடித்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவள், ஆஸ்பத்திரிப் படலை வாசலிலேயே சம்மட்டிச் சத்தத்தைக் கேட்டாள். ஹமீட்டின் ஆட்கள் முட்டுக்கால்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பின்பக்க யன்னலுக்கு மேலே நீண்டிருந்த மழைத்தட்டின் கால்களை ஏற்கெனவே உருவிப் போட்டிருந்தார்கள். ஒருவன் வெளிச்சுவருக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தான்.

"நிப்பாட்டு!"

ஹமீட் திரும்பினார். அவருக்குப் பின்னால் ஹாஜியாரும் நின்றார்.

"மிஸ்ஸி, இது உங்கட வேல இல்ல," என்றார் ஹமீட். "பெரியவர் வரக்குள்ள இந்தக் கம்புக் காட்டயா காட்டுற? கொங்கிறீட் காஞ்சிட்டு. தட்டிப் பாத்தன். கல்லு மாதிரி."

"மூணு கிழமை தாங்கணும் எண்டு ஓவசியர் செல்லியிரிக்கார். மூணு நாளாவது போயிரிக்கா?"

"ஓவசியருக்கு என்ன தெரியும்?"

"சரி. உங்களுக்குத் தெரியும்." நதீரா பையைக் கீழே வைத்தாள். மேசன் இருந்து வேலை செய்கிற வாங்கு ஒன்றைத் தூக்கி, பிள்ளைப்பேற்று அறையின் நட்டநடுவில், முட்டுக்கால்களுக்கிடையில் போட்டாள். "வாங்க. இதில இரிங்க. ஹாஜியாருக்கும் இடம் இரிக்கு. நீங்க ரெண்டு பேரும் இரிந்துக்கிட்டு, தட்டுங்கடா எண்டு செல்லுங்க. நான் ஒரு வார்த்த கதைக்க மாட்டன்."

ஹமீட் வாசற்படியில் ஒரு காலை வைத்தார். மேலே பார்த்தார். மற்றக் கால் வரவில்லை.

"ஏன்? கல்லு மாதிரி எண்டீங்களே!" அவள் குரல் உடைந்தது; அழுகையில் இல்லை. "உங்கட மகள்மாருக்கு வலி வந்தா கார்ல மட்டக்களப்புக்குப் போவாங்க. இதுக்குக் கீழ வந்து படுக்கிறது ஆரு? மீன்காரன்ட பொஞ்சாதி. வயல்ல புல்லுப் புடுங்கிறவள். கால விரிச்சிக்கிட்டு, எழும்பி ஓட ஏலாமக் கிடக்கிறவள்ட வயித்தில விழுறதுக்கா இத ஊத்தின? ஒரு புள்ளயத் தண்ணியில குடுத்தது காணாதா? கல்லுக்குள்ளயும் குடுக்கணுமா?"

சம்மட்டி பிடித்திருந்தவர்களில் மூத்தவன் அதைத் தரையில் வைத்துவிட்டு வெளியே வந்தான். "மொதலாளி, நீங்க இரிக்க மாட்டாத எடத்தில நான் எப்பிடி நிண்டு தட்டுற?" என்றான். மற்றவர்களும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

சம்மட்டிக்காரர்கள் இன்றைக்கு நின்றுவிட்டார்கள். நாளைக்கு வேறு ஆட்கள் வருவார்கள். அதை நதீரா அறிந்திருந்தாள். தட்டைப் பற்றி அதிகாரத்தோடு கதைக்கக்கூடியவர் ஒருவர்தான், அவரோ காரைதீவில் போர்வைக்குள் கிடந்தார். உம்முவையும் இன்னும் நாலு பெண்களையும் அறை வாசலில் இருத்திவிட்டு, அவள் காரைதீவு பஸ்ஸில் ஏறினாள்.

பூபாலசிங்கத்தின் மனைவி தங்கேஸ்வரி படலையில் நின்று, "அவருக்குக் காய்ச்சல் மிஸ்ஸி, படுத்திருக்கார்," என்றாள்.

"காய்ச்சல நான் பாக்கன். தேமாமீட்டர் பைக்குள்ள இரிக்கு."

தங்கேஸ்வரியின் முகம் சிவந்தது. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, அயலுக்குக் கேட்கும்படி, "இஞ்சாருங்க! எழும்பி வாங்க. புள்ளையளுக்காக எண்டு சொல்லிப் படுத்துக் கிடக்காதீங்க. எனக்கு வெக்கமாக் கிடக்கு!" என்றாள்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். இருவரும் பஸ் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரி வளவில் அதற்குள் ஊர் கூடிவிட்டது. ஹாஜியார் கதிரை போட்டு இருந்தார். பூபாலசிங்கம் எவரையும் பார்க்காமல் கட்டடத்தைச் சுற்றி நடந்தார். பின்பக்கம் போனதும் நின்றார். முட்டுக்கால் உருவிய மழைத்தட்டு சுவரோடு சேருகிற இடத்தில் தலைமுடி போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதற்குக் கீழே நின்றுதான் ஒருவன் பச்சை அடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், வெளிய வா! எல்லாரும் பின்னுக்குப் போங்க!"

அவ்வளவு பெரிய குரல் அந்த மனிதனுக்குள் இருந்தது என்று அதுவரை எவருக்கும் தெரியாது. பச்சை அடித்தவன் வாளியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். பூபாலசிங்கம் நீளமான மூங்கில் ஒன்றை எடுத்து, தள்ளி நின்று, மழைத்தட்டின் நுனியை ஒரு குத்துக் குத்தினார். அது கொஞ்சம் யோசித்தது போல நின்றது. பிறகு முழுவதுமாக இறங்கி மண்ணில் விழுந்தது. புழுதி அடங்கியபோது பச்சை வாளி அதற்குக் கீழே தகடாகக் கிடந்தது.

பூபாலசிங்கம் மூங்கிலைக் கீழே போட்டார். அவர் ஹாஜியாருக்கு முன்னால் வந்து நின்றார்.

"நாளைக்கு மாற்றம் எடுத்துத் தாங்க. போறன். ஆனா நான் சொல்லாம ஒரு முட்டுக்கால்ல கை வெச்சா, பொலிசில போய் நானே சொல்லுவன். உங்கட பேரோட."

பெரியவர் வேறோர் ஊரில் வேறொன்றைத் திறந்துவிட்டுப் போனார். ஹாஜியார் அதற்குப் பிறகு வெகுநாள் நதீராவின் முகத்தில் விழிக்கவில்லை. நதீராவும் அதற்காகத் தூக்கம் கெடவில்லை. பூபாலசிங்கத்துக்குச் சொன்னபடியே மாற்றம் வந்தது, திருக்கோவிலுக்கு. புது ஓவசியர் வந்தார், சுவரைப் பார்த்தார், அதன்படியே வேலையை நடத்தினார். சனிக்கிழமைகளில் பழையவரும் பஸ் பிடித்து வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். கேட்டால், சந்தைக்கு வந்ததாகச் சொல்வார். விழுந்த மழைத்தட்டை ஹமீட் தன் செலவில் மறுபடி ஊற்றினார். நோன்பு முழுவதும் தட்டு இறுகியது. பெருநாள் கழிந்து, பூச்சும் நிறமும் கதவும் முடிந்து, வானம் இருட்டத் தொடங்குகிற பருவத்தில் கட்டடம் திறப்புக்குத் தயாராயிற்று.

திறப்பு நாள் காலையில் வாசலில் செம்பட்டு நாடா கட்டியிருந்தது. பந்தலில் கதிரைகள் நிறைந்திருந்தன. மாவட்டக் கச்சேரியிலிருந்து அரசாங்க அதிகாரி ஒருவர் வந்து இறங்கியபோதுதான், வயல் பக்கத்திலிருந்து உழவு மெசின் ஒன்று பந்தலைக் கிழிக்காத குறையாக வளவுக்குள் வந்தது. அதன் பின்பெட்டியில் பாய்மேல் செல்லத்தங்கம் என்ற பெண் கிடந்தாள். மூத்த பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்து கஷ்டப்பட்டவள், இது இரண்டாவது. தலை தெரியத் தொடங்கிவிட்டிருந்தது.

நதீரா நாடாவைப் பார்த்தாள். அதைத் தூக்கி, செல்லத்தங்கத்தைத் தாங்கிக்கொண்டு, அதற்குக் கீழால் குனிந்து உள்ளே போனாள்.

"மிஸ்ஸி! இன்னும் திறக்கல்ல!" என்று ஹாஜியார் கதவடிக்கு ஓடி வந்தார்.

"வெளிய நில்லுங்க!" உள்ளிருந்து வந்த சத்தத்தில் ஒலிபெருக்கிக்காரன் திரும்பிப் பார்த்தான். "பொம்புளைகள் இரிக்கிற எடம். கதவச் சாத்துங்க!"

கதவு சாத்தப்பட்டது. அதிகாரியும் ஹாஜியாரும் ஹமீட்டும் மாலைகளோடு வெயிலில் நின்றார்கள். பேச்சுகளை முன்னுக்கு எடுக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். உள்ளேயிருந்து வந்த முனகலுக்கு முன்னால் மைக்கைப் பிடிக்க எவருக்கும் தைரியம் வரவில்லை. பெண்கள் பந்தலை விட்டு எழும்பி யன்னல் பக்கம் போய் நின்றார்கள். உம்முவும் அவர்களோடு நின்றாள். பிள்ளையின் அழுகை கேட்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டு முக்காட்டால் முகத்தை மூடினாள்.

நதீரா கதவைப் பாதி திறந்து, கைகளைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

"ஆர் இவங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"நம்மட மிஸ்ஸி," என்றார் ஹாஜியார், சிரிக்கப் பார்த்தபடி. "நல்லவங்க. கொஞ்சம் கோவக்காரி."

நதீராவின் கண் அவர் கழுத்து மாலையில் ஒருமுறை தங்கியது. "ஹாஜியார், மேலுக்குத் தண்ணீர்த் தாங்கி இன்னும் பூட்டல்ல. கிணத்திலரிந்து நாலு வாளி அள்ளித்தான் இந்தப் பொம்புளயக் கழுவின. அந்தக் கோட்டில உங்கட பேர்தான் கிடக்கு. சனிக்கிழமை வந்து செல்லுங்க, எப்ப எண்டு."

அதிகாரி ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் கத்தரிக்கோலைத் தேடினார். நதீரா அதற்கு நிற்கவில்லை. தாய்க்கு இரத்தப்போக்கு இன்னும் முழுதாக அடங்கவில்லை. கதவை மறுபடி சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.